மூன்றாவது குத்து

பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாம் நாள். காலையிலேயே மூன்று பேர், "வேற ஆள் எடுக்கட்டும்" என்று றுமானாவிடமிருந்து கையை இழுத்துக்கொண்டார்கள்.

"நரம்பு பிடிபடாட்டி இஞ்ச என்னத்துக்கு நிக்கிறீங்க?" என்று மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். இன்றோடு இந்த வேலைக்கு ஒரு கும்பிடு என்று அவள் முடிவெடுத்தாள்.

அடுத்து வந்த பெரியவர் உட்கார்ந்து கையை நீட்டினார். வாவியில் வலை இழுத்த கை. நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. அதிலும் குத்துத் தவறியது.

"பாதகமில்ல மகள், இன்னொருக்காக் குத்துங்க."

அதுவும் தவறியது. றுமானா ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"வேற ஆளைக் கூப்பிடட்டா ஐயா?"

"வேணாம். அவசரப்படாம ஆறுதலா நீங்களே எடுங்க."

மூன்றாவது குத்தில் ரத்தம் விறுவிறுவென்று குழாயில் ஏறியது. அவளைவிடப் பெரியவரின் முகந்தான் மலர்ந்தது.

குழாயில் பெயர் எழுதுவதற்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த துண்டை வாங்கிப் பார்த்தாள். 'சீதேவிப்பிள்ளை. பெண். வயது 61.'

"ஐயா, இது..."

"என்ட பொஞ்சாதி. உங்கட கையைப் பத்தி ஆக்கள் சொன்னதக் கேட்டுப் பயந்துபோய் வெளியில நிக்கிறா. இப்பதானே கை சரிவந்திருக்கு, சூடு ஆறமுதல் கூட்டிக்கொண்டு வாறன்."