குறையே இல்லாத தெரு

"நீ கணக்கெடுக்குற தெருவுல மட்டும் யாருக்குமே பசிக்காதா?"

ஆய்வுக் குழுத் தலைவி கேட்டதும், கணக்கெடுக்கும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவங்க சொல்றதைத்தான் மேடம் எழுதுறேன்."

"பக்கத்துத் தெருவுல பாதி வீட்டுல ஒரு வேளைதான் அடுப்பு எரியுது. இங்க வாரா வாரம் குறையே இல்லைன்னா யார் நம்புவா? வீட்டுல உக்காந்தே எழுதிடுறியா? இன்னைக்கு நானே வர்றேன். பொய்னு தெரிஞ்சா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

யார் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், யார் பட்டினி கிடக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டே தலைவிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெயிலில் அலைந்து காலும் வீங்கியிருந்தது. இதில் திருட்டுக் கணக்கு வேறா என்று எரிச்சலாக வந்தது.

முதல் வீட்டுக் கதவைத் தையல்காரம்மா திறந்தார்.

"வா கண்ணு, முதல்ல சாப்பிடு. உன் கேள்வி எங்க ஓடிப்போகுது?"

சொல்லி முடிப்பதற்குள் தட்டு வந்துவிட்டது.

"நீங்க சாப்பிட்டீங்களாக்கா?"

"அதெல்லாம் அப்பவே ஆச்சு."

அந்தப் பெண் தலை நிமிராமல் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"போன வாரம் என்னைக்காவது சாப்பிடாமப் படுத்தீங்களாக்கா?"

"சேச்சே! மூணு வேளையும் வயிறு முட்டச் சாப்பாடு. குறையே இல்லைன்னு எழுதிக்கோ."

தண்ணீர் குடிக்கும் சாக்கில் தலைவி சமையலறைக்குள் போனார். பானை வழித்துச் சுரண்டப்பட்டிருந்தது. அரிசி டப்பாவில் அடி தெரிந்தது. பின்னாலேயே வந்த தையல்காரம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா இந்தப் பொய்? உண்மையைச் சொன்னாத்தானே உங்க தெருவுக்கு ஏதாவது உதவி வரும்? அவதான் இப்படிச் சொல்லச் சொன்னாளா?"

"ஐயோ, மெதுவாப் பேசுங்க மேடம். அதுக்கு ஒண்ணுமே தெரியாது."

தையல்காரம்மா கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"சம்பளத்தை அப்படியே அம்மாவோட ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்துட்டு, வெறும் வயித்தோட வருது. முதல் நாளே எங்க வாசல்ல மயங்கி விழுந்துச்சு. அதுலேருந்து, அது வர்ற அன்னைக்கெல்லாம் ஏதோ ஒரு வீட்டுல தட்டு போட்டுடுவோம். எங்களுக்கே இல்லைன்னு தெரிஞ்சா, அப்புறம் இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் அது கை நனைக்காது மேடம்."