புது ஏரியல்

பாதி தூக்கிய ஷட்டரில் இடித்துக் காரின் ஏரியல் முறிந்தது. "முழுசா தூக்குங்கன்னு சொன்னேன்ல" என்ற மனைவி மீது அவன் எரிந்து விழுந்தான். அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிறு காலை, காரில் ரேடியோவைப் போட்டுவிட்டு, புது ஏரியலைக் கூரையில் பொருத்தத் தொடங்கினான். "சத்தம் வருதான்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும்" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

சற்று நேரத்தில் காருக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. "இரைச்சலாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் திருகுங்க."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இப்ப?"

"தெளிவா இருக்கு. கார் வேலைன்னா மட்டும் பொறுமை எங்கிருந்துதான் வருதோ உங்களுக்கு."

"அன்னைக்குத் தப்பு என்மேலதான்மா."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு, காய்கறிப் பையோடு மனைவி உள்ளே வந்தாள்.

அவன் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தான். இருக்கைகள் காலியாக இருந்தன. ரேடியோவின் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது.

"யாருகிட்ட பேசிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

அவன் வாய் திறப்பதற்குள் ரேடியோ கேட்டது: "யாருங்க அது, என்னை மாதிரியே பேசறது?"