முன்வரிசையில் ஓட்ஸ்

சமையலறை அலமாரியின் முன்வரிசையில் ஓட்ஸ் டப்பா வந்து உட்கார்ந்த நாளிலிருந்து, பின்னால் தள்ளப்பட்ட கேழ்வரகு மாவுக்கு மனசே சரியில்லை. ஓட்ஸோ வாய் ஓயாமல் தன் ஊர்ப் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தது.

"நான் குளிர்தேசத்துப் பயிராக்கும். சாரலும் சில்லென்ற காற்றும் இருந்தால்தான் எனக்குக் கதிரே பிடிக்கும்."

"உங்களுக்கு நல்ல நிலமாத்தான் ஒதுக்கியிருப்பாங்க, இல்லீங்களா?" என்று கேழ்வரகு பணிவாகக் கேட்டது.

ஓட்ஸின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நல்ல நிலத்தைக் கோதுமை எடுத்துக்கும். அது வராத ஈரமண்ணுலதான் என்னை விதைப்பாங்க."

நெல் வராத மேட்டில் தன்னைப் போடுவதை நினைத்ததும் கேழ்வரகுக்குப் பாதி வருத்தம் போயிற்று.

"அறுத்த பிறகு யாருக்குங்க போவீங்க?"

"அந்தக் காலத்துல பெரும்பாலும் குதிரைக்குத்தான்," என்று ஓட்ஸ் முனகியது. "அது நல்லா ஓடணும்ல."

அப்போது வாசல் கதவு திறந்தது. காலை ஓட்டத்தை முடித்த வீட்டுக்காரர் ஞானசேகர், புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்க, ஷூக்கால் தடதடக்க நேரே அலமாரிக்கு வந்து ஓட்ஸ் டப்பாவை எடுத்தார்.

"போயிட்டு வாங்க," என்றது கேழ்வரகு. "குதிரை வந்துடுச்சு."