வேருக்கு ஓர் இடம்

“அந்தக் கோட்டையை ஏன் எடுக்கிறே?”

பாஸ்கர் கேட்டு முடிப்பதற்குள், மீன் தொட்டியிலிருந்த பிளாஸ்டிக் கோட்டை கலைவாணியின் கையோடு வெளியே வந்துவிட்டது. அதன் பின்னால், குமிழி விடும் புதையல் பெட்டியும் வந்தது.

“வேருக்கு இடம் வேணாமா?”

வேர் என்று அவள் சொன்னது, அன்று காலை கடையிலிருந்து வாங்கி வந்த ஒரு கட்டையை. மீன் தொட்டிக்கு அது அலங்காரமாம். கருத்து, முறுக்கிக்கொண்டு, அடுப்பெரிக்கக்கூட யாரும் எடுக்காத தோற்றத்தில் இருந்தது.

நீளவாக்கில் வைத்தாள், இடித்தது. குறுக்காக வைத்தாள்; மிதந்தது. கடைசியில் ஒரு கருங்கல் துண்டோடு சேர்த்துக் கட்டி, கண்ணாடியின் முன்பக்கமாக இறக்கினாள்.

“பின்னாடியாவது தள்ளி வையேன். மீனே தெரியலை.”

“முன்னாடியே இருக்கட்டுங்க.”

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. பாஸ்கர் குரலைத் தாழ்த்தினான்.

“பிரியங்கா உள்ளே அழுதுக்கினு இருக்கா. உனக்கு மீன் தொட்டியில ஜோடனை கேக்குதா?”

கலைவாணி வேரை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்தாள்.

அவன் தங்கை பிரியங்கா, சித்தூரிலுள்ள கணவன் வீட்டிலிருந்து ஒரு கைப்பையோடு வந்திருந்தாள். திரும்பிப் போகக்கூடிய வீடன்று அது என்பது அண்ணனுக்கும் அண்ணிக்கும் தெரியும். ஆனால், வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்:

“யாராவது ஒருத்தர் ‘ஏன் வந்தே’ன்னு கேட்டாக்கூட நான் சித்தூருக்கே போயிடுவேன் அண்ணி. என்னால பதில் சொல்ல முடியாது.”

திருப்பதியில் வீடு இருந்தால் கேட்பவர்களுக்கா பஞ்சம்? மலைக்குப் போகிற உறவினர் அனைவரும், ஏறுவதற்கு முன் ஒரு காப்பி, இறங்கிய பின் ஒரு சாப்பாடு என்று வந்து போவார்கள். மறுநாள் புத்தூரிலிருந்து பெரியப்பா கோபிகிருஷ்ணனும் பெரியம்மா அலர்மேல்மங்கையும் வருவதாக இருந்தது. கேள்வி கேட்பதில் பெரியம்மாவை மிஞ்ச அந்தக் குடும்பத்தில் ஆள் கிடையாது.

காலையில் தொட்டியைப் பார்த்த பாஸ்கர் திடுக்கிட்டான். தண்ணீர் முழுவதும் சிவந்து, இறங்கிய டிகாக்ஷன் போல இருந்தது.

“கலை! இன்னா இது? அவங்க வர்றதுக்குள்ள தண்ணிய மாத்து.”

“மீனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்குது.”

அழைப்பு மணி ஒலித்தது. உள்ளறைக்குள் நழுவப் பார்த்த பிரியங்காவின் கையில் கலைவாணி காப்பித் தட்டைக் கொடுத்தாள்.

“நீயே கொண்டுபோய்க் கொடு, பிரியா.”

பாஸ்கருக்கு ஆத்திரம் பொங்கியது. இவ்வளவு இரக்கமற்றவளா இவள்?

சோபாவில் அமர்ந்திருந்த பெரியம்மா, தட்டோடு வந்தவளை நிமிர்ந்து பார்த்தார்.

“அடியே பிரியா! நீ எப்போடி...”

வாக்கியம் முடியவில்லை. அவருடைய பார்வை, எதிரே இருந்த தொட்டியில் போய் நின்றுவிட்டது.

“இன்னாடி கலை, தண்ணி ரத்தமாட்டம் கீது?”

பெரியப்பா எழுந்து போய்க் கண்ணாடியருகே குனிந்தார். அவர் குரல் தானாகவே இறங்கியது.

“ஏம்மா... செம்மரமா?”

“ஐயோ பெரியப்பா, அது கடையில...” என்று பாஸ்கர் தொடங்கினான்.

“செம்மரம்னா தண்ணியில மிதக்குமா, முழுகுமா மாமா?” என்று கலைவாணி குறுக்கிட்டாள்.

அது போதாதா? சேஷாசலத்துக் காடு முழுவதும் அந்தக் கூடத்துக்குள் வந்துவிட்டது. செம்மரம் கல்லைப் போல முழுகும் என்றார் பெரியப்பா. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு கட்டைக்காக, புத்தூரில் ஒருவரைப் போலீசார் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன கதையைச் சொன்னார்.

“அது செம்மரம் இல்ல, சந்தனம்,” என்றார் பெரியம்மா.

“நீ பாத்தியா?”

“உங்களுக்கு வேப்பமரத்துக்கும் முருங்கைக்குமே வித்தியாசம் தெரியாது. வந்துட்டாரு பாரஸ்ட் ஆபீசரு!”

“சரி, விடு. பாஸ்கரு, போலீசு வந்துச்சினா, எங்கள யாருன்னே தெரியாது, சாமி கும்பிட வந்தவங்கன்னு சொல்லிடுப்பா.” பெரியப்பா தம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிரியங்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்தபின் அவள் சிரித்தது அதுவே முதல் முறை.

“சிரிக்காதடி. மொதல்ல அந்தக் கட்டையத் தூக்கிப் போடச் சொல்லு உங்க அண்ணிய,” என்று வாசல்வரை அவளிடமே புலம்பிவிட்டு, பெரியம்மா மலைக்குப் புறப்பட்டார்.

கதவைச் சாத்தியதும் பாஸ்கர் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தான்.

“என்னங்க, சாயம் போற கட்டையத் தலையில கட்டிட்டீங்களே?”

கடைக்காரர் தமிழும் தெலுங்குமாகப் பதறினார்.

“சார், புது வேர்னா சாயம் விடும். வேகவச்சு ஊறவச்சுப் போடுங்கன்னு மேடம்காருகிட்ட செப்பினேனே! வேகவச்சு ரெடியா இருந்ததையும் காட்டினேன். அது வேணாம், நல்லாச் செவப்புச் சாயம் விடுறதாப் பாத்துக் குடுங்கன்னு அவங்கதானே கேட்டு வாங்கினு போனாங்க!”

பாஸ்கர் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினான். பிரியங்கா தொட்டியின் முன் அமர்ந்து, வேரின் இடுக்கில் நுழைந்து வெளிவரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சமையலறை வாசலுக்குப் போனான்.

“கலை... தண்ணிய மாத்திடட்டுமா?”

“இன்னிக்கு வேணாங்க,” என்றாள் கலைவாணி, திரும்பாமலே. “நாளைக்குக் குப்பம் ஊர்லருந்து உங்க அத்தை வர்றாங்க.”