ஆறாத சக்கை

எங்கே ஆரம்பித்தால் தப்பில்லாமல் சொல்லி முடிக்கலாம் என்று அமிர்தவள்ளிக்குப் பிடிபடவில்லை. ஒரு வார்த்தை இடறினாலும் வேலை போய்விடும். வீட்டில் இருமிக்கொண்டு கிடக்கிற புருஷனுக்கும் அவள் சம்பளம்தான் கஞ்சி.

ஆம்பூரில் தோல் கிடங்கு முதலாளி முக்தார் அகமது வீட்டில் அவளுக்கு வேலை. அவர் மனைவி குர்ஷித் பேகம் வெளியே போகிறவர் இல்லை. ஏலகிரியிலிருந்து தருவித்த ஆறு பெரணிச் செடிகளை உள்கூடத்து ஜன்னலோரம் தொட்டிகளில் வைத்து, பிள்ளை மாதிரி வளர்த்தார்.

தொட்டி மண் கலப்பது அமிர்தவள்ளி. செம்மண், ஆற்று மணல், மக்கின எரு, அதோடு கிடங்கில் தோல் பதனிட்டுக் கழித்த ஆவாரம்பட்டைச் சக்கை. கலந்து, கிருஷ்ணாயில் டின்களில் மூடி வைத்துக்கொள்வாள்.

போன மாதம் சக்கை தீர்ந்துவிட்டது. கிடங்கில் சக்கை அள்ளுகிற வயசான சாமுவேலிடம் போய் நின்றாள்.

"பழசு இல்லே தங்கச்சி. இது நேத்து குழியிலேர்ந்து எடுத்தது. ரெண்டு மாசம் மழையிலயும் வெயில்லயும் கிடந்தாத்தான் சூடு ஆறும்."

"ரெண்டு மாசமா! மாசக் கடைசியில பேகத்தோட தங்கச்சி வேலூர்லேர்ந்து வர்றாங்க. அதுக்குள்ள தொட்டி மண்ணை மாத்தணும்."

"செடிக்கு இன்னாத்துக்குக் கொதிக்கிற கஞ்சி ஊத்தறே?"

"நீங்க செடி வளர்த்துக் கிழிச்சீங்க. பேசாம அள்ளிப் போடுங்கண்ணே."

அள்ளிப் போட்டார். அவளும் கலந்து, டின்னை இறுக்கி மூடினாள். மூன்றாம் நாள் திறந்தபோது புளித்த வாடையோடு சூடு முகத்தில் அடித்தது. அப்படியே தொட்டிகளில் கொட்டினாள்.

பதினைந்தே நாளில் ஆறு செடியும் கருகிப் போயின.

இப்போது பேகம் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். 'சாமுவேல் அண்ணன்தான் பழசுன்னு சொல்லிப் புதுசைக் குடுத்துட்டாரும்மா.' சொல்லச் சொல்ல அது நடந்தது மாதிரியே இருந்தது.

பேகம் கருகிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தச் சக்கை..."

"தெரியும். சாமுவேல் காலையிலேயே வந்து வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனான்."

அமிர்தவள்ளி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். போச்சு, எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்.

"பழசுன்னு பொய் சொல்லிப் புதுசை அள்ளிக் குடுத்தது அவன்தானாம். அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்களைத் திட்டாதீங்கன்னான். சாயபு கோவத்துல அவனைச் சுண்ணாம்புக் குழிக்கு மாத்திட்டாரு."

தோலை ஊறப் போடுகிற சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவனுக்குக் கையும் காலும் வெந்து தோலுரியும். அது ஆம்பூரில் யாருக்கும் தெரியாததில்லை.

"அவன் வயசுக்கு அது ஜாஸ்திதான்" என்றார் பேகம். "இப்பவும் நான் ஒரு வார்த்தை சொன்னா சாயபு அவனைப் பழைய வேலைக்கே மாத்திடுவாரு. நீ சொல்லு அமிர்தா, உன்மேல எனக்குக் கோவம் இல்லே. சூடு ஆறலேன்னு நிஜமாவே அவன் உன்கிட்ட சொல்லலியா?"

அமிர்தவள்ளி பேகத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"சொல்லலேம்மா" என்றாள்.