வளன் மூடாமல் வைத்தது

பாளையங்கோட்டை வீட்டின் முன்னறையில் மாலை வெயில் மடிக்கணினியின் மேல் சாய்ந்து விழுகிறது. வளனின் கூட்டாளி ஆதில், வளன் கடைசியாகப் பார்த்த பக்கங்களைத் தேடுகிறான். ஒவ்வொரு முறையும் திரை வெள்ளையாகவே வந்து நிற்கிறது. வளனின் மனைவி லிண்டா அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "மூடிராத, வந்து ஒனக்கு ஒண்ணு காட்டுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அன்று பைக்கை எடுத்தான் வளன். நாங்குநேரி விலக்கில் லாரி மோதி அங்கேயே முடிந்துபோனான். அவன் எதைக் காட்ட இருந்தான் என்பது மட்டும் தெரிந்தால் போதும் அவளுக்கு. "மதினி, மூடினா பாத்ததெல்லாம் தானா அழியுத மாதிரி வச்சிருக்கான். எவனும் நம்மள வேவு பாக்கப்பிடாதும்பாம்லா," என்கிறான் ஆதில், பைய. பின்னால் ஜெபமாலை உருளும் சத்தம் நின்றுவிடுகிறது. "துட்டி வீட்டுல டிவி, கம்ப்யூட்டரு ஒண்ணும் எரியக் கூடாதுன்னு நாந்தாம்ல அமத்துனேன்," என்கிறாள் வளனின் அம்மா மரியம்மாள். "மேல இருக்க பெருக்கல் குறிய அமுக்கணும்னு அவந்தான் சொல்லித் தந்திருந்தான். நான் தொடாம இருந்தா இருந்திருக்குமாலே?" ஆதில் லிண்டாவைப் பார்க்கிறான். மின்விசிறிக் காற்றில் அவன் முன்னால் ஆறிப்போன காப்பியின் ஆடை நடுங்குகிறது. "இல்ல மாமி, எப்படியும் போயிருக்கும்," என்கிறாள் லிண்டா, திரும்பாமலே. ஆதில் சார்ஜர் வயரைச் சுற்றத் தொடங்குகிறான். மரியம்மாள் ஜெபமாலையை மடியில் வைக்கிறாள். பிறகு, "ஒனக்காவது ஒண்ணு காட்டுதேன்னு சொல்லிட்டுப் போனாம்ட்டி," என்கிறாள்.