இறக்கிவிடப்பட்ட பயணி

கிளம்பத் தயாராக நின்ற விமானத்தின் காக்பிட்டில் இன்டர்காம் திடீரென்று அலறியது.

"கேப்டன், ஒரு பயணி உங்களைப் பார்க்கணும்கிறார். பிரின்ஸாம், உங்க சித்தப்பா மகனாம். ஊர்ல அம்மாவுக்கு ரொம்ப சீரியஸ்னு அழுறார்."

கேப்டன் ஆல்வினுக்கு இரண்டு குடும்பங்களுக்கும் நடந்த சாணார்பட்டி மாந்தோப்பு வழக்கு நினைவுக்கு வந்தது. கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் ஆல்வினின் அப்பாவைத் திருடன் என்றவன் இந்த பிரின்ஸ்.

"குடிச்சிருக்கான். இறக்கிவிட்டுடுங்க."

பிரின்ஸ் குடித்திருக்கவில்லை. ஆனால் கேப்டன் சொன்னால் சொன்னதுதான். அவன் இல்லாமலே விமானம் சென்னையிலிருந்து கிளம்பியது.

மதுரையில் இறங்கியதும் ஆல்வினுக்கு மனசு உறுத்தியது. டாக்ஸி பிடித்து நேரே திண்டுக்கல் நாகல் நகருக்குப் போனான். சித்தி வீட்டு வாசலில் அதற்குள் பந்தல் போட ஆரம்பித்திருந்தார்கள்.

பிரின்ஸின் அக்கா ஆனந்தமேரி அழுதுகொண்டே ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

"பழசையெல்லாம் மறந்து தம்பியக் கூட்டியாந்துட்டியேப்பா! அம்மா அவன் மடியிலதான் கண்ண மூடுச்சு."

உள்ளே, சித்தியின் தலைமாட்டில் பிரின்ஸ் உட்கார்ந்திருந்தான். ஆல்வினைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான்.

ஆல்வினின் செல்போன் அடித்தது. பிரின்ஸின் நம்பர்.

"அண்ணே, நான் இன்னும் சென்னையிலதான் நிக்கிறேன். அடுத்த பிளேன்ல வந்துருவேன். அதுவரைக்கும் நீ வீட்டுக்குப் போயி அம்மாவத் தூங்க விடாமப் பேசிக்கிட்டே இருண்ணே."